எஞ்சினியரிங் வகுப்பில் இலக்கியமும் தத்துவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஞ்சினியரிங் மாணவர்களுக்குத் தத்துவமும் இலக்கியமும் சொல்லித் தருகிறேன். மாணவர்கள், பெற்றோர், சக ஆசிரியர்கள் என்று யாரைப் பார்த்தாலும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான் வருகின்றன. சிலவற்றில் கொஞ்சம் கிண்டலும் இருக்கும். அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

எஞ்சினியருக்கு எதற்குச் சார் இதெல்லாம்?

இயற்பியல் கணக்குகளில் ஒரு வரி வரும்: ‘உராய்வைப் புறக்கணிக்க’. இன்னொரு கணக்கில் ‘காற்றின் தடையைப் புறக்கணிக்க’. பள்ளிக்கூடத்திலிருந்தே இதற்குப் பழகியிருக்கிறோம். எதையாவது புறக்கணிக்காமல் கணக்கே போட முடியாது, அதில் தப்பில்லை. ஆனால் எதைப் புறக்கணிக்கலாம் என்று முடிவு செய்தது யார்? கணக்கைக் கொடுத்தவர். மாணவர் அதைப் பற்றி யோசிப்பதில்லை. பரீட்சை ஹாலில் யோசித்தால் நேரம்தான் போகும்.

வேலைக்குப் போன பிறகு அந்த வரியை யாரும் எழுதித் தருவதில்லை. லிஃப்ட்டின் பொத்தானை எந்த உயரத்தில் வைப்பது என்று முடிவு செய்கிறவர், சக்கர நாற்காலியில் வருகிறவரைக் கணக்கில் சேர்க்கிறார் அல்லது புறக்கணிக்கிறார். செயலி எழுதுகிறவர் கண் மங்கியவரைச் சேர்க்கிறார் அல்லது விட்டுவிடுகிறார். பல சமயம் அப்படி ஒரு முடிவை எடுத்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

எதை விட்டுவிட்டோம் என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் தானாக வந்துவிடாது. கவிதை படிக்கும்போது சொல்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான் படிக்கிறோம். தத்துவத்தில், பேச்சுவாக்கில் யாரும் கேட்காமல் ஒப்புக்கொண்ட அனுமானம் எது என்று தேடுகிறோம். இரண்டும் அந்தப் பழக்கத்துக்கான பயிற்சி. என் பதில் இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் இதன் விரிவு.

இது கம்யூனிகேஷன் ஸ்கில் பாடம்தானே?

இல்லை. அது தேவை, நல்லது, வேறு யாராவது நடத்தட்டும். நான் சொல்ல நினைப்பதைத் தெளிவாகச் சொல்ல அது கற்றுத் தரும். நான் நினைப்பதே சரிதானா என்ற சந்தேகத்தை அது கிளப்பாது. இரண்டையும் ஒரே பாடத்தில் அடைத்தால் இன்டர்வியூ கேள்விகள் முழு நேரத்தையும் தின்றுவிடும். பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் நீதிபோதனை வகுப்பா?

அதுவும் இல்லை. முதல் வருடம் நான் கிட்டத்தட்ட அப்படித்தான் நடத்தினேன். ஒரு கதை, அதன் பின்னால் ஒரு நீதி, எல்லாரும் தலையாட்டல். அறுபது பேர் ஒரே கருத்தை ஒரே வாக்கியத்தில் பரீட்சையில் எழுதினார்கள். ஒரு தாளைத் திருத்தினால் போதும், மீதியைத் திருத்தத் தேவையில்லை என்ற நிலைமை. தப்பு என்னுடையது. விடையை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால் மாணவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

சரி, ஒரு வகுப்பு எப்படித்தான் நடக்கும்? ஒன்றைக் காட்டுங்கள்.

எனக்குப் பிடித்த வகுப்பு ஒரே ஒரு குறளில் நடப்பது. 475ஆவது குறள்:

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்.

சாகாடு என்றால் வண்டி. மயிற்பீலி ஏற்றிய வண்டியானாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும். பொருளை மட்டும் சொல்லிவிட்டு, ‘இது சரியா என்று எஞ்சினியராகப் பாருங்கள்’ என்பேன்.

ஐந்து நிமிடத்தில் மெக்கானிக்கல் மாணவர் ஒருவர் எழுந்துவிடுவார்: ‘சார், இது நடக்காது. பீலிக்கு அடர்த்தி ரொம்பக் குறைவு. அச்சு முறிகிற எடை சேர்வதற்குள் வண்டி நிரம்பி வழிந்துவிடும்.’ நல்ல ஆட்சேபணை. பலகையில் வண்டியின் கொள்ளளவு, பீலியின் எடை, மர அச்சு தாங்கும் சுமை என்று உத்தேசமாகக் கணக்குப் போடுவார்கள். அமுக்கிக் கட்டினால் என்ன ஆகும், மேலே உயரமாகக் கட்டினால் என்ன ஆகும் என்று வாதம் வளரும். இருபது நிமிடம் நான் வாயே திறக்க வேண்டியதில்லை.

அப்புறம் குறளைத் திரும்பப் படிக்கச் சொல்வேன். இந்த முறை மெதுவாக. ‘சால’ என்றாலே மிகுதி. அதோடு ‘மிகுத்து’ என்று ஏன் இன்னொரு சொல்? ஏழு சீரில் எழுதுகிறவர் ஒரு சொல்லை வீணாக்க மாட்டார். மாணவர் கண்டுபிடித்த சிக்கல் எழுதியவருக்கும் தெரிந்திருக்கிறது போலும், அதனால்தான் சுமையின் மேல் சுமையாக இரண்டு சொல். ‘சாகாடும்’ என்பதில் ஒட்டியிருக்கும் ‘உம்’ என்ன செய்கிறது? அந்த உம்மை வண்டியின் வலிமையையும் பீலியின் மென்மையையும் ஒருசேரக் காட்டுகிறது என்பது பரிமேலழகர் உரை. ஒரு ‘உம்’மை இவ்வளவு உற்றுப் பார்ப்பார்களா என்று மாணவர்களுக்கு ஆச்சரியம். சர்க்யூட்டில் ஒரு புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

அடுத்து, இந்தக் குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று கேட்பேன். வலியறிதல். அரசன் தன் பலத்தையும் எதிரியின் பலத்தையும் எடைபோடும் இடம். குறளில் அரசனும் இல்லை, எதிரியும் இல்லை, வண்டி மட்டும்தான் இருக்கிறது. எளியவர்கள்தானே என்று பலரைப் பகைத்துக்கொண்டால் அவர்கள் ஒன்று சேரும்போது வலியவனும் முறிவான் என்று உரை விரிகிறது. சொல்ல வந்தது முழுவதும் வெளியே நிற்கிறது, உள்ளே இருப்பது ஒரு அச்சு. இலக்கியம் வேலை செய்யும் விதத்தை இதைவிடச் சின்ன இடத்தில் காட்ட எனக்குத் தெரியவில்லை.

கடைசிப் பத்து நிமிடம் தத்துவத்துக்கு. எந்தப் பீலி அச்சை முறித்தது? கடைசியாக வைத்ததா? அதை முதலில் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதே. ஒரு பீலி கூடுவதால் தாங்குகிற வண்டி தாங்காத வண்டி ஆகிவிடாது என்று ஒப்புக்கொண்டால், எத்தனை வைத்தாலும் முறியக் கூடாது. ஆனால் முறிகிறது. மணல் குவியலை வைத்து இதே புதிரைப் போட்டவர் கி.மு. நான்காம் நூற்றாண்டு கிரேக்கர் யூபுலிடீஸ் என்பார்கள். எஞ்சினியரிங்கில் இதற்கு ஒரு நடைமுறை விடை உண்டு: பாதுகாப்புக் காரணி, அதாவது எதிர்பார்க்கிற சுமையைப் போல எத்தனை மடங்கு தாங்கும்படி கட்டுவது என்ற எண். முறியும் எல்லை எங்கே என்று துல்லியமாகச் சொல்ல முடியாததால், அதற்கு வெகு முன்னாலேயே கோடு போட்டுவிடுகிறோம். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதை இயற்கை சொல்லித் தருவதில்லை, ஆட்கள் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். மாணவர்கள் கையேட்டில் 1.5 என்றோ 2 என்றோ பார்த்துப் பழகிய எண் அது. அன்றைக்குத்தான் முதல்முறையாக ‘ஏன் 1.5?’ என்று கேட்கிறார்கள்.

தத்துவம் என்றால் சாக்ரடீசிலிருந்து வரிசையாக நடத்த வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். பெயர், வருடம், கொள்கை என்று பட்டியல் போட்டால் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள்.

‘ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தோம், ஒரு தடவைகூடப் பழுதாகவில்லை, ஆகவே பழுதாகாது.’ இந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது? தத்துவவாதி டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் கேட்ட கேள்வி இது. நேற்று வரை நடந்தது நாளையும் நடக்கும் என்பதற்கு, நேற்று வரை நடந்தது என்பதைத் தவிர நம்மிடம் வேறு ஆதாரம் என்ன இருக்கிறது? பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1912இல் ஒரு கோழியை உதாரணம் காட்டினார். தினமும் தீனி போட்டவர்தான் கடைசியில் கழுத்தைத் திருகுகிறார். சோதனைத் துறையில் வேலை செய்யப் போகிறவருக்கு அந்தக் கோழியை மறக்கவே முடியாது.

தமிழில் இதற்கு ஒரு புதையல் இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல. முதலில் சொல்வது பக்கம், காரணம் ஏது, உதாரணம் திட்டாந்தம். அதோடு விடுவதில்லை, இவற்றில் என்னென்ன கோளாறு வரும் என்று பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என வகுத்துக்கொண்டே போகிறார். ஒரு காப்பியத்தின் நடுவே கோளாறு கண்டறியும் கையேடு!

ஏதுப் போலியில் ஒரு வகைக்குப் பெயர் அநைகாந்திகம். சொன்ன காரணம் இரண்டு பக்கமும் பொருந்துவதால் எதையும் நிரூபிக்காது. ‘இந்த மோட்டார் பழுதாகிவிட்டது, ஏனென்றால் சூடாகிறது.’ நல்ல மோட்டாரும்தான் சூடாகும். எவ்வளவு சூடு, எந்தச் சுமையில், எவ்வளவு நேரத்தில் என்று சொல்லாதவரை அது அநைகாந்திகம். பெயரைக் கேட்டு முதலில் சிரிப்பார்கள். இரண்டு வாரம் கழித்து ஒருவர் புராஜெக்ட் ரிப்போர்ட்டை இன்னொருவர் வாங்கிப் பார்த்துவிட்டு ‘டேய், இது அநைகாந்திகம்’ என்று ஓரத்தில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அந்த டேய்க்காகவே நான் இந்தப் பாடத்தை விடுவதில்லை.

டிராலி புதிர் சொல்லித் தருவீர்களா? ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைக் கொல்லலாமா என்பது?

தத்துவவாதி பிலிப்பா ஃபுட் 1967இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது அது. பிரேக் பிடிக்காத டிராலி ஐந்து பேரை நோக்கி வருகிறது, நெம்புகோலை இழுத்தால் வேறு தண்டவாளத்துக்குத் திரும்பி அங்கே நிற்கும் ஒருவரைக் கொல்லும், இழுக்கலாமா? சொல்லித் தருகிறேன், ஆனால் சீக்கிரம் முடித்துவிடுவேன். இந்தப் புதிரில் தண்டவாளம், பிரேக், ஆட்கள் நிற்கும் இடம் எல்லாம் மாற்ற முடியாதவை என்று முன்பே கட்டிவைத்துவிட்டார்கள். கையில் மிச்சம் இருப்பது ஒரு நெம்புகோல் மட்டும். எஞ்சினியரின் வேலையோ அந்தக் கட்டிவைத்த பகுதியில்தான் இருக்கிறது. ஒரு மாணவி கேட்டார்: ‘பிரேக் பிடிக்கவில்லை என்றால் தானாக நிற்கிற மாதிரி ஏன் செய்யவில்லை?’ தத்துவப் பேராசிரியர்கள் இதைத் தப்பித்தல் என்பார்கள். என் வகுப்பில் அதற்குத்தான் முழு மதிப்பெண். ‘புறக்கணிக்க’ என்ற வரியை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

இலக்கியம் படித்தால் வேலையில் எங்கே உதவும்? உருப்படியாக ஒன்று சொல்லுங்கள்.

ஒரே ஒரு ஸ்லைடைப் பற்றிச் சொல்கிறேன்.

2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் கிளம்பியபோது, வெளியே பொருத்திய எரிபொருள் தொட்டியின் மேல் பூசியிருந்த நுரையில் ஒரு துண்டு பிய்ந்து இடது இறக்கையில் அடித்தது. ஓடம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், அடி எவ்வளவு ஆபத்தானது என்று எஞ்சினியர்கள் அலசி நாசா அதிகாரிகளிடம் ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். அதில் ஒன்று பின்னால் விசாரணைக் குழுவின் அறிக்கையிலேயே இடம்பிடித்தது.

ஸ்லைடின் தலைப்பைப் பார்த்தால், கணிப்பு பாதுகாப்பின் பக்கமே சாய்ந்திருக்கிறது என்கிற தொனி. ஆறுதலாக இருக்கும். கீழே துணைத் தலைப்பு, அதற்கும் கீழே சின்னப் புள்ளி, அதற்கும் கீழே இன்னும் சின்னப் புள்ளி. கடைசிக்கு வந்தால் ஒரு தகவல்: முன்பு சோதித்த நுரைத் துண்டின் அளவு 3 கன அங்குலம், இப்போது அடித்தது 1920 கன அங்குலமாகக் கணக்கிடப்படுகிறது. 640 மடங்கு! அதாவது அந்தச் சோதனையை வைத்து இந்த அடியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. செய்தியே அதுதான். அது மிகச் சிறிய எழுத்தில், கடைசி வரியில் போய் உட்கார்ந்திருக்கிறது.

தகவல் காட்சிப்படுத்தலில் பெயர் பெற்ற எட்வர்ட் டஃப்டி இதை ஒரு கவிதையைப் போலவே பிரித்துப் படித்தார். ‘குறிப்பிடத்தக்க’ என்று பொருள்படும் சொல் அந்த ஒரே ஸ்லைடில் ஐந்து முறை வருகிறது, ஐந்து இடத்திலும் ஒரே அர்த்தம் இல்லை என்று காட்டினார். ஒரு மூத்த அதிகாரி இதைப் படித்துவிட்டு, உயிர் போகிற விஷயம் இது என்று உணராமல் போயிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு என்று விசாரணைக் குழுவும் எழுதியது. பிப்ரவரி 1ஆம் தேதி திரும்பி வரும் வழியில் ஓடம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஸ்லைடு ஒன்றால்தான் இறந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். காரணங்கள் பல இருந்தன, நீண்ட காலமாகவே இருந்தன. ஆனால் அதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உண்மை முழுவதும் பக்கத்தில் இருக்கிறது, படிக்கிற விதத்தில் எழுதப்படவில்லை, எழுதிய விதத்தைத் தாண்டி யாரும் படிக்கவில்லை.

இந்த ஸ்லைடைத் தமிழில் பெயர்த்து, எதற்கென்று சொல்லாமல் வகுப்பில் கொடுப்பேன். ‘ஆபத்து உண்டா, இல்லையா?’ என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலோர் ‘இல்லை’ என்றுதான் எழுதுவார்கள். அப்புறம் தேதியைச் சொல்வேன். அதற்குப் பிறகு வகுப்பில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

கம்ப்யூட்டர் மாணவர்களுக்கு வேறு ஒன்று. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி 1985 முதல் 1987க்குள் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டது. பிழை மென்பொருளிலும் இருந்தது, பழைய கருவிகளில் இருந்த வன்பொருள் தடுப்புகளை எடுத்துவிட்டதிலும் இருந்தது. அதெல்லாம் அவர்களுடைய மற்றப் பாடங்களில் வரும். நான் எடுத்துக்கொள்வது திரையில் வந்த வாசகத்தை மட்டும்: ‘மால்ஃபங்ஷன் 54’. அவ்வளவுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று இயக்குகிறவரின் கையேட்டில் விளக்கம் இல்லை. இப்படி எண்கள் அடிக்கடி வந்து போய்ப் பழகியதால் ‘பி’ விசையை அழுத்தி வேலையைத் தொடர்ந்தார்கள். அந்த வாசகத்தை எழுதியவர் மனதில் வாசகர் என்று ஒருவர் இருந்தாரா? ‘இதைத் திருத்தி எழுதுங்கள், அதிகபட்சம் எட்டுச் சொல்’ என்பது என் அசைன்மென்ட். சிறுகதை எழுதச் சொன்னால் முனகுகிறவர்கள் இதற்கு ஏழெட்டு வடிவம் எழுதி அடித்துத் திருத்துகிறார்கள்.

பின் பெஞ்சு ஆர்வமே காட்டுவதில்லையே?

காட்டாது. முதல் மூன்று வாரம் பொறுங்கள். அவர்கள் இத்தனை வருடமும் ஒரே சரியான விடை உள்ள கேள்விகளாகவே பார்த்து வந்தவர்கள். ‘கடைசியில் எது சரி சார்?’ என்று கேட்டுவிட்டு, நான் சொல்லாமல் விட்டால் ஏமாற்றம். அதற்காக ‘எல்லாம் அவரவர் பார்வை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது பொய், அவர்களுக்கும் அது பொய் என்று தெரியும். கவிதைக்குப் பல வாசிப்பு உண்டு, தப்பான வாசிப்பும் உண்டு. பீலி வண்டியைப் பற்றிய குறளை மயில் வளர்ப்பைப் பற்றியது என்று யாராவது சொன்னால் அது தப்பு. எந்தச் சொல்லைக் காட்டி அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டால் போதும்.

பின் பெஞ்சில் இன்னொரு ரகம் உண்டு. ரகசியமாகக் கவிதை எழுதுகிறவர்கள். அவர்களைச் சபையில் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள், பாவம்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறீர்கள்? அகவயமாகத்தானே இருக்கும்?

வைவாவுக்குப் போடுவதில் எவ்வளவு அகவயம் உண்டோ அவ்வளவு. நான் பார்ப்பது: சொன்னதற்கு ஆதாரமாகப் பனுவலில் ஒரு சொல்லையோ வரியையோ காட்டியிருக்கிறாரா? எதிர்த்தரப்பை அதன் பலமான வடிவில் எழுதியிருக்கிறாரா, இல்லை சோளக்கொல்லைப் பொம்மையை நிறுத்தி அடித்திருக்கிறாரா? எழுதத் தொடங்கியபோது நினைத்ததும் முடித்தபோது நினைத்ததும் ஒன்றா? மூன்றாவதுக்குத்தான் அதிக மதிப்பெண். என்னோடு ஒத்துப்போவதற்கு மதிப்பெண் கிடையாது. ஒரு பக்கத்துக்கு மேல் எழுதினால் படிக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

இப்போது ஏஐ எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறதே?

கொடுக்கிறது, வழவழப்பாகக் கொடுக்கிறது. வீட்டுக்குக் கட்டுரை கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில், வகுப்பில் பென்சிலால் அடிக்கோடிட்ட பக்கத்தைக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். ‘இந்தச் சொல்லுக்குக் கீழே ஏன் கோடு?’ என்று கேட்டால் கோடு போட்டவருக்குத்தான் பதில் தெரியும். இன்னொன்றும் செய்வதுண்டு: ஏஐ எழுதிய விளக்கத்தையே நகலெடுத்துக் கொடுத்து, இதில் எங்கே மழுப்புகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். ‘குறிப்பிடத்தக்க’ ரகச் சொற்கள் அதில் தாராளமாகக் கிடைக்கும்.

இதை யார் நடத்த வேண்டும்? இலக்கிய ஆசிரியரா, எஞ்சினியரா?

முடிந்தால் இருவரும், ஒரே அறையில். அறிவியல்காரர்களும் இலக்கியவாதிகளும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாத இரண்டு உலகமாகிவிட்டார்கள் என்று 1959இல் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானியும் நாவலாசிரியருமான சி. பி. ஸ்நோ பேசியது இன்னும் பழசாகவில்லை. இலக்கியவாதிகள் கூடியிருக்கும் இடத்தில் வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி தெரியுமா என்று அவர் கேட்பாராம், முகங்கள் சுருங்கிவிடுமாம். அறியாமை இரண்டு பக்கமும் உண்டு. அச்சு எப்படி முறியும் என்று தெரியாத இலக்கிய ஆசிரியர் அந்தக் குறளில் பாதியைத்தான் நடத்துவார். எனக்கும் தெரியாது. பட்டறையில் வேலை பார்க்கும் சக ஆசிரியரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அவர் பதிலுக்கு அந்த ‘உம்’மைப் பற்றிக் கற்றுக்கொண்டார்.

எஞ்சினியர்கள் இந்தப் பக்கம் வந்து ஏதாவது சாதித்திருக்கிறார்களா?

எத்தனையோ பேர். ஒரே ஒரு ஜோடியைச் சொல்கிறேன். ஜார்ஜ் பூல் 1854இல் சிந்தனையின் விதிகளை இயற்கணிதமாக எழுதினார். கிளாட் ஷானன் மிச்சிகனில் படித்தபோது ஒரு தத்துவ வகுப்பில் அதைச் சந்தித்தார். 1937இல், ரிலே ஸ்விட்சுகளைக் கொண்டு அந்த இயற்கணிதத்தை அப்படியே செய்துகாட்டலாம் என்று தன் முதுகலை ஆய்வேட்டில் எழுதினார். டிஜிட்டல் சர்க்யூட் பாடத்துக்கு அதுதான் அடித்தளம். எதிர்த்திசையில் போனவர் தத்துவவாதி விட்கன்ஸ்டைன். மான்செஸ்டரில் விமானவியல் படிக்கப் போய், 1911இல் புரொபெல்லருக்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டு, அதே வருடம் தருக்கம் படிக்க ரஸ்ஸலிடம் போய்ச் சேர்ந்தார். தமிழில் கேட்டால் எல்லாருக்கும் முதலில் சுஜாதா பெயர்தான் வாயில் வரும், அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை பாடம் வைத்தால் போதும்?

அமெரிக்காவின் எம்ஐடியில் எந்தத் துறை இளங்கலை மாணவரும் மானுடப் புலங்கள், கலை, சமூக அறிவியல் பக்கம் எட்டுப் பாடம் முடிக்க வேண்டும். எட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒன்றையாவது உருப்படியாக நடத்துங்கள். கடைசிப் பருவத்தில் புராஜெக்ட்டுக்கும் வேலைத் தேடலுக்கும் நடுவே செருகாதீர்கள்.

இதைப் படித்தால் நேர்மையான எஞ்சினியர்கள் உருவாவார்களா?

உத்தரவாதம் தர முடியாது. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்ணோடம் கிளம்புவதற்கு முந்தைய நாள், ராக்கெட் மோட்டார் செய்த நிறுவனத்தின் எஞ்சினியர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்றார்கள். மோட்டாரின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவிய அனுபவமே கிடையாது, மறுநாள் காலையோ உறைநிலையை ஒட்டி இருக்கும் என்று கணிப்பு. கூட்டத்தின் நடுவே, எஞ்சினியரிங் பிரிவின் தலைவரிடம் அவருக்கு மேலே இருந்தவர், ‘எஞ்சினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்’ என்றார். அவரும் போட்டுக்கொண்டார். கிளம்பிய 73ஆவது விநாடியில் எல்லாம் முடிந்தது.

அங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை. சொன்னவர்களும் இருந்தார்கள். இலக்கியம் படித்திருந்தால் அந்த மனிதர் தொப்பியை மாற்றியிருக்க மாட்டார் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை, அப்படிச் சொன்னால் அது ஏதுப் போலி. மாணவர்களிடம் நான் கேட்பது வேறு: அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பி என்ற உருவகம் என்ன செய்கிறது? தொப்பியை மாற்றினாலும் உள்ளே இருக்கும் தலை ஒன்றுதானே, அதை அது எப்படி மறைக்கிறது? நாளைக்கு யாராவது உங்களிடம் அதைச் சொன்னால், சொல்கிற அந்த நிமிடத்திலேயே அது உருவகம் என்று அடையாளம் தெரியுமா?

படிப்பு முடிந்து பத்து வருடம் ஆகிறது, வேலையில் இருக்கிறேன். இனிமேல் எங்கே தொடங்குவது?

நீங்கள் கடைசியாக எழுதிய கோளாறு ரிப்போர்ட்டிலிருந்து. அதில் ‘பட்டது’ என்றோ ‘படவில்லை’ என்றோ முடியும் வினைகளை வட்டமிடுங்கள். வால்வு மூடப்படவில்லை, எச்சரிக்கை அணைக்கப்பட்டது, சோதனை தவிர்க்கப்பட்டது. செயப்பாட்டு வினைக்கு ஒரு வசதி உண்டு, செய்தவரைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் ‘யாரால்?’ என்று எழுதிப் பாருங்கள்.

என்னிடம் படித்த ஒருவர் இப்போது ஆலை ஒன்றில் பராமரிப்பில் இருக்கிறார். அவர் இப்படி எண்ணிப் பார்த்தார். நான்கு பக்க ரிப்போர்ட்டில் 23 ‘பட்டது’. 19 இடத்தில் யாரால் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, மரியாதைக்காக விட்டிருந்தார். மீதி 4 இடத்தில் அவருக்கே தெரியவில்லையாம். அந்த நான்கையும் ஷிஃப்ட் ஆட்களிடம் போய் விசாரித்துவிட்டு, இரண்டு நாள் தாமதமாகத்தான் ரிப்போர்ட்டை மேலே அனுப்பினார்.